‘இங்கு’ என்னும் சுட்டு: யான் வான் ஐக்கின் ‘வான் டெர் பாலே அன்னை’ ஓவியத்தில் வேண்டுதலும் நினைவும்

ஆய்வுச்சுருக்கம்

பெல்ஜிய நாட்டின் புரூஜ் நகரிலுள்ள குரூனிங்க அருங்காட்சியகத்தில், யான் வான் ஐக் 1436ஆம் ஆண்டில் நிறைவுசெய்த அன்னை மரியா – குழந்தை இயேசு ஓவியம் உள்ளது. அதனைச் செய்வித்த குருவின் பெயரால் அது ‘வான் டெர் பாலே அன்னை’ என்று வழங்கப்பெறுகிறது. இவ்வோவியத்தைத் தனிமனித பக்திக்காட்சியாகக் காணும் போக்கும், இறந்தோர் நினைவுச்சின்னமாகக் காணும் போக்கும் ஆய்வாளரிடையே உள்ளன. ஓவியச் சட்டத்தில் எழுதப்பட்டுள்ள இலத்தீன் வாசகத்தின் வினையமைப்பையும் சுட்டுச்சொற்களையும் ஆராய்ந்து, அவ்வாசகம் வேண்டுகின்ற பொருளை ஓவியத்தின் உருவமைதி எவ்வாறு நிறைவேற்றுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. பக்தியும் நினைவும் இவ்வோவியத்தில் இருவேறு நோக்கங்கள் அல்ல. ஒன்று மற்றொன்றின் வழியாகவே செயற்படுகிறது என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: நெதர்லாந்திய ஓவியம், யான் வான் ஐக், அன்னை மரியா, சுட்டு, ஏவுதற் கருத்தா, நிலைக்கொடை, நினைவு.

முன்னுரை

பதினைந்தாம் நூற்றாண்டில் பர்கண்டி கோமகன்களின் ஆட்சியிலிருந்த புரூஜ், கெண்ட், புருசெல்ஸ் முதலான நகரங்களில் வளர்ந்த ஓவிய மரபைத் தொடக்ககால நெதர்லாந்திய ஓவியம் என்பர். எண்ணெய் ஊடகத்தை மெல்லிய படலங்களாக அடுக்கி, ஒளி பொருளின்மேல் விழுவதையும் பொருளுக்குள் ஊடுருவுவதையும் காட்டியமை அதன் தனித்திறன். அம்மரபின் தலையாய ஓவியர்களுள் ஒருவர் யான் வான் ஐக். 1425 முதல் கோமகன் பிலிப்பின் அரசவை ஓவியராக விளங்கிய அவர் புரூஜ் நகரில் வாழ்ந்து, 1441இல் அங்கேயே மறைந்தார்.

அன்னையும் குழந்தையும் அமர்ந்திருக்கும் காட்சி இம்மரபில் மிகுதியாகத் தீட்டப்பட்ட பொருள்களுள் ஒன்று. கையடக்கப் பலகைகளும் உண்டு; பெரிய பலிபீட ஓவியங்களும் உண்டு. இக்கட்டுரை ஆராயும் ஓவியம் சட்டம் நீங்கலாக ஏறத்தாழ 122 செ.மீ. உயரமும் 157 செ.மீ. அகலமும் கொண்ட ஓக் மரப்பலகையில் அமைந்தது. கெண்ட் நகரப் பலிபீட ஓவியத்திற்கு அடுத்தபடியாக வான் ஐக்கின் எஞ்சிய ஓவியங்களுள் பெரியது இதுவே. அதன் முதற்சட்டம் எழுத்துகளோடு இன்றும் நிலைத்துள்ளமை ஆய்விற்குப் பெரிதும் துணைபுரிகிறது. அக்கால ஓவியங்கள் பலவற்றின் சட்டங்கள் பிற்காலத்தில் கழற்றப்பட்டுவிட்டன. சட்டம் போனால் வாசகமும் போகும்.

ஆய்வுச்சிக்கல்

இவ்வோவியத்தைப் பற்றிய ஆய்வுகள் மூன்று திசைகளில் சென்றுள்ளன. எர்வின் பனோஃப்ஸ்கி, 1953இல் வெளிவந்த தம் நெதர்லாந்திய ஓவிய நூலில், அன்றாடப் பொருள்களின் தோற்றத்திற்குள் சமயப்பொருள் மறைந்துள்ளது என்னும் கோட்பாட்டை விரிவாக நிறுவினார். அவ்வழியில் ஓவியத்தின் ஒவ்வொரு செதுக்கலும் மலரும் இறையியல் குறியீடாயின. கிரெய்க் ஹார்பிசன் 1990களில், குறியீட்டகராதியைவிட ஓவியத்தைச் செய்வித்தவரின் வாழ்க்கையும் வேட்கையும் முதன்மையானவை என வாதிட்டார். டக்ளஸ் பிரைன் 2014இல், இவ்வோவியத்தைப் புதைவிடத்தருகே சுவரில் பதிக்கப்படும் நினைவுப்பலகைகளின் மரபில் வைத்துக் காணவேண்டும் என்றார்.

மூன்றாம் கருத்து ஓவியத்தின் பயனை வரலாற்று அடிப்படையில் தெளிவாக்குகிறது. எனினும் ஒரு வினா எஞ்சுகிறது. நினைவுப்பலகையாக இருப்பின், அதன் வாசகத்திற்கும் உருவத்திற்கும் உள்ள உறவு என்ன? பெயரும் கொடையும் எழுத்தால் அறிவிக்கப்பட்டுவிட்ட பின்னர், இத்துணை நுண்மையான காட்சி எதற்கு? வாசகத்தை மொழியியல் நோக்கில் அணுகினால் இவ்வினாவிற்கு விடை காணலாம்.

செய்வித்தவர்

யோரிஸ் வான் டெர் பாலே ஏறத்தாழ 1370இல் புரூஜ் நகரில் பிறந்தவர். உரோமையில் திருத்தந்தையின் செயலகத்தில் எழுத்தராகப் பணிபுரிந்தார். ஆணைகளையும் சலுகைமடல்களையும் வழுவின்றி எழுதுவது அப்பணி. ஒரு சொல் பிழைத்தால் ஓர் உரிமை பிழைக்கும் என்பதை வாழ்நாள் முழுதும் கண்டவர் அவர். 1425 அளவில் செல்வராகப் புரூஜ் திரும்பி, புனித டொனேசியன் ஆலயத்தின் குருமன்ற உறுப்பினராக, அதாவது ‘கெனன்’ என்னும் நிலையில், வாழ்ந்தார். 1430களின் தொடக்கத்தில் உடல்நலம் குன்றியமையால் ஆலயக் கடமைகளிலிருந்து அவருக்கு விலக்கு அளிக்கப்பட்டது. 1443இல் மறைந்தார்.

இவ்விலக்கு ஓவியத்தைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது. கெனன் ஒருவரின் முதன்மைக் கடமை பாடகர்குழு மண்டபத்தில் நாள்தோறும் கூட்டுச்செபத்தில் நிற்பது. நோயால் அங்கு நிற்க இயலாத முதியவர், தம் பெயரால் அம்மண்டபத்தில் செபம் என்றும் நடைபெறுவதற்கு வழிசெய்தார். உடலால் இயலாததைக் கொடையால் நிறைவுசெய்ய முயன்றதன் எச்சமே இவ்வோவியம் எனலாம்.

சட்ட வாசகத்தின் வினையமைப்பு

சட்டத்தின் நாற்புறமும் எழுத்துகள் உள்ளன. மேற்பகுதியில் அன்னையைப் புகழும் தொடர், ‘சாலமோனின் ஞானம்’ நூலின் ஏழாம் அதிகாரத்திலிருந்து எடுக்கப்பட்டது. மூலத்தில் ஞானத்தைக் கதிரவனினும் ஒளிமிக்கதாகக் கூறும் பகுதி அது. பக்கச்சட்டங்கள் முறையே புனித டொனேசியனையும் புனித ஜார்ஜையும் அறிமுகப்படுத்துகின்றன. கீழ்ச்சட்டத்திலேயே செய்வித்தவரின் வாசகம் உள்ளது. அதன் பொருள் சுருக்கம் வருமாறு: இவ்வாலயத்தின் கெனனாகிய யோரிஸ் வான் டெர் பாலே, ஓவியர் யான் வான் ஐக்கைக் கொண்டு இப்பணியைச் செய்வித்தார்; பாடகர்குழுவினரால் நடத்தப்பெறும் இரு திருப்பலிக் கொடைகளையும் 1434ஆம் ஆண்டு இங்கு நிறுவினார்; 1436இல் நிறைவுற்றது.

இதில் மூன்று கூறுகள் கருதத்தக்கன.

முதலாவது, வினை. ‘செய்தார்’ என்றன்றிச் ‘செய்வித்தார்’ என்னும் பொருள்படவே இலத்தீன் தொடர் அமைந்துள்ளது. பிறவினையை ஒரு சொல்லால் உணர்த்தும் வாய்ப்பு அம்மொழியில் இன்மையால், ‘செய்’, ‘ஆகு’ என்னும் பொருளுடைய இரு சொற்கள் இணைந்து வருகின்றன. தமிழ் இலக்கணத்தார் வேறுபடுத்தும் ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா என்னும் இரண்டும் இவ்வொரு வாக்கியத்தில் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. கெனன் ஏவுதற் கருத்தா. எழுவாயாக நிற்பவரும் அவரே. ஓவியர் இயற்றுதற் கருத்தாவாயினும், ‘வழியாக’ என்னும் பொருளுடைய முன்னிடைச்சொல்லால் கருவியின் இடத்திற்கு இறக்கப்பட்டுள்ளார்.

வான் ஐக்கின் பிற வாசகங்களோடு ஒப்பிடும்போது இதன் சிறப்பு விளங்கும். 1439இல் தீட்டிய ‘நீரூற்றருகே அன்னை’ என்னும் சிற்றோவியத்தில், யான் வான் ஐக் தன்னைச் செய்து முடித்தார் என்று ஓவியமே தன்மையிடத்தில் பேசுகிறது. அங்கு எழுவாய் ஓவியர். செயப்படுபொருள் பேசும் ஓவியம். வான் டெர் பாலே ஓவியமோ தன்மையிற் பேசவில்லை. அது படர்க்கையில், ஆவணமொழியில் பேசுகிறது. ஒரு கலைப்பொருளின் குரலாக அன்றி, ஒரு கொடைப்பத்திரத்தின் குரலாகவே அது ஒலிக்கிறது.

இரண்டாவது, ஓவியமும் கொடையும் ஒரே எழுவாய்க்குரிய இரு வினைகளாக, இணைப்பிடைச்சொல்லால் தொடுக்கப்பட்டுள்ளன. செய்வித்தலும் நிறுவுதலும் ஒரே தொடரில் அமைகின்றன. ஓவியத்தைக் கொடையிலிருந்து பிரித்து நோக்குவதற்கு வாசகம் இடந்தரவில்லை. கொடை 1434க்கும் ஓவிய நிறைவு 1436க்கும் உரியன என்பதனால் கொடையே முந்தியது என்பதும் பெறப்படுகிறது.

மூன்றாவது, சுட்டு. ‘இவ்வாலயத்தின்’, ‘இங்கு’ என அண்மைச்சுட்டு இருமுறை வருகிறது. ஆலயத்தின் பெயர் கூறப்படவில்லை. வாசகத்தைப் படிப்பவர் நிற்கும் இடமே அதன் பொருளை நிரப்பும் என்னும் நம்பிக்கையில் அது எழுதப்பட்டது. இவ்வாசகம் எங்கும் எடுத்துச் செல்லத்தக்க ஓவியத்திற்கு எழுதப்பட்டதன்று. ஓரிடத்தில் நிலைபெற்ற பொருளுக்கு எழுதப்பட்டது. ஒருவர் தம் இல்லத்தில் வைத்து வணங்குதற்கு ஆக்கிய ஓவியமாக இதனைக் கருத இயலாமைக்கு இதுவே உள்ளிருந்து கிடைக்கும் சான்று.

இலண்டன் தேசிய ஓவியக்கூடத்திலுள்ள ‘அர்னொல்ஃபினி’ ஓவியத்திலும் வான் ஐக் இதே ‘இங்கு’ என்னும் இலத்தீன் சுட்டைக் கையாண்டு, 1434ஆம் ஆண்டு தாம் அங்கிருந்ததாக எழுதியுள்ளார். ஆயின் இரு சுட்டுகளும் ஒன்றல்ல. அங்கு ‘இங்கு’ ஓவியத்திற்குள் தீட்டப்பட்ட அறையைச் சுட்டுகிறது. சுவர்மேல் எழுதியதுபோல் அவ்வெழுத்துகள் காட்சிக்குள்ளேயே அமைகின்றன. இங்கோ சுட்டு சட்டத்தின்மேல், காட்சிக்கு வெளியே, பார்வையாளர் நிற்கும் உண்மையான கற்றளத்தைச் சுட்டுகிறது. முன்னதில் படிப்பவர் ஓவியத்திற்குள் அழைக்கப்படுகிறார். பின்னதில் ஓவியம் படிப்பவரின் இடத்திற்கு வருகிறது.

உருவமைதி

காட்சி அரைவட்ட வளைவுகளும் தூண்களும் சூழ்ந்த ஆலயத்தின் நடுவே நிகழ்கிறது. செந்நிற ஆடை விரிய அன்னை அரியணையில் அமர்ந்துள்ளார். மடியில் வெண்துணியின்மேல் குழந்தை. பச்சைக்கிளி ஒன்றும் சிறு மலர்க்கொத்தும் தாய்சேயிடையே உள்ளன. அரியணையின் கைப்பிடித் தூண்களில் ஆதாமும் ஏவாளும், மேலே காயின் ஆபேலைக் கொல்வதும் சிம்சோன் சிங்கத்தை அடக்குவதும் செதுக்கப்பட்டுள்ளன. பார்வையாளருக்கு இடப்புறம், நீலப்பொன் சரிகை மேலங்கியில் புனித டொனேசியன் நிற்கிறார். ஆற்றில் வீசப்பட்ட சிறுவனாகிய அவரைக் கண்டெடுக்க, மெழுகுதிரிகள் ஏற்றிய சக்கரம் நீரில் விடப்பட்டது என்னும் கதைக்கேற்ப, எரியும் ஐந்து திரிகள் கொண்ட சக்கரம் அவர் கையில் உள்ளது. வலப்புறம் கவசமணிந்த புனித ஜார்ஜ், தலைக்கவசத்தை உயர்த்தி வணங்கியவாறு, மண்டியிட்டிருக்கும் கெனனை அறிமுகம் செய்கிறார். ஆலயத்தின் காவலர் ஒருபுறம். கெனனின் பெயர்க்காவலர் மறுபுறம். யோரிஸ் என்பது ஜார்ஜ் என்னும் பெயரின் பிளமிய வடிவமேயாகும். வாசகத்திலுள்ள ‘ஆலயம்’, ‘பெயர்’ ஆகிய இரு கூறுகளும் இவ்வாறு இரு புனிதர்களாக உருவம் பெறுகின்றன.

நடுவிலுள்ள வெண்துணி ஆய்வாளர் பலரின் கருத்தைக் கவர்ந்தது. திருப்பலியில் அப்பம் வைக்கப்படும் பீடத்துணியை அது நினைவூட்டுகிறது. அன்னையின் மடி பீடமாகவும் குழந்தையின் உடல் திருப்பலி அப்பமாகவும் அமைகின்றன என்னும் விளக்கம் ஏற்புடையதே. கெனன் நிறுவியவை திருப்பலிக் கொடைகள் என்பதனோடு இதனை இணைத்தால், ஓவியத்தின் நடுக்காட்சி, கொடையினால் நாள்தோறும் ஆலயத்தில் நிகழவேண்டிய செயலின் உருவமே என்பது விளங்கும்.

ஈண்டு வாசகத்தின் ஒரு சொல் மேலும் நோக்கத்தக்கது. பாடகர்குழுவினரைக் குறிக்க வரும் இலத்தீன் தொடரின் நேர்பொருள் ‘பாடகர்குழுவின் மடியிலிருந்து’ என்பதாகும். மடியைக் குறிக்கும் ‘கிரேமியும்’ என்னும் சொல், ஒரு சமயக்குழுவின் உள்ளுறுப்பினரைக் குறிக்கும் நிருவாக வழக்காக அக்காலத்தில் நிலைபெற்றிருந்தது. ஆகவே ஓவியர் இச்சொல்லைக் கருதியே மடியில் குழந்தையைத் தீட்டினார் எனக் கூறுவது மிகையாகும். மடியில் குழந்தை என்பது இம்மரபின் பொதுவடிவம். ஆயினும், மேலே அன்னையின் மடியும் கீழே குழுவின் ‘மடி’யும் ஒருங்கே கண்ணிற்படும் வகையில் அமைந்துள்ளமை, எழுத்தர் ஒருவரின் பார்வைக்குத் தப்பியிருக்காது என்று கருத இடமுண்டு.

முகம்

அன்னையின் முகம் மெருகேறிய பொதுமையழகு கொண்டது. எந்தப் பெண்ணின் உருவப்படமும் அன்று. அதனருகே கெனனின் முகம் வேறோர் உண்மைக்குரியது. தளர்ந்த கழுத்துமடிப்புகள், நெற்றிப்பொட்டில் புடைத்த நாளங்கள், காதின் முன்புறம் உதிர்ந்த முடி, விறைத்த கை ஆகியவை இரக்கமின்றிப் பதிவாகியுள்ளன. பெல்ஜிய மூட்டுநோய் மருத்துவர் யான் டெகேக்கர் 1981இல் வெளியிட்ட கட்டுரையில், நெற்றிப்பொட்டு நாள அழற்சியும் அதனோடு இணைந்த தசைவலிநோயும் இம்முகத்திலும் கையிலும் வெளிப்படுகின்றன என்றார். ஓவியத்தைக் கொண்டு நோயை உறுதிசெய்தல் எந்த அளவிற்கு இயலும் என்பது வேறு வினா. நோய்க்குறிகளை மருத்துவர் படிக்கும் அளவிற்கு அவை தெளிவாக எழுதப்பட்டுள்ளன என்பதே ஈண்டுக் கொள்ளத்தக்கது.

இந்நுண்மையை ஓவியரின் வழக்கம் என்று கூறி அமைதல் கூடும். வான் ஐக் 1439இல் தீட்டிய தம் மனைவி மார்கரெத்தின் உருவப்படமும் புகழ்ச்சியற்றதே. எனினும் ஓவியரின் வழக்கம், அதனைச் செய்வித்தவர் ஏற்றுக்கொண்டமைக்குக் காரணமாகாது. பெருஞ்செலவில் ஓவியம் செய்விப்பவர், புனிதர்கள் முன்னிலையில் தாம் இவ்வாறு தோன்ற ஏன் இசைந்தார்?

இறந்தோருக்கான வேண்டுதலின் இயல்பில் இதற்கு விடை உண்டு. இறந்தபின் ஆன்மா உத்தரிக்கும் நிலையில் தூய்மையடைகிறது. வாழ்வோர் செபமும் திருப்பலியும் அதற்குத் துணைபுரிகின்றன என்பது அக்காலக் கத்தோலிக்க நம்பிக்கை. அவ்வேண்டுதல் குறிப்பிட்ட ஒருவருக்கு உரியது. ஆளடையாளம் தவறினால் வேண்டுதலின் முகவரி தவறும். ஆகவே பெயர் எழுதப்பட்டது. சட்டத்தின் மூலைகளில் தந்தைவழி, தாய்வழிக் குடிச்சின்னங்கள் பொறிக்கப்பட்டன. பெயர்க்காவலர் அருகில் நிறுத்தப்பட்டார். முகம் மாற்றமின்றி வரையப்பட்டது. இம்முகத்தின் மெய்ம்மை அடையாளச்சான்றின் மெய்ம்மை. புடைத்த நாளமும் ஒரு கையொப்பமாகிறது.

கண்ணாடியும் பார்வையும்

கெனனின் கைகளில் திறந்த செபநூல் உள்ளது. மூக்குக்கண்ணாடி கழற்றப்பட்டு நூலின்மேல் பிடிக்கப்பட்டுள்ளது. வில்லையின் வழியே தெரியும் எழுத்துகள் உருமாறித் தோன்றுகின்றன. அவருடைய கண்கள் நூலையும் நோக்கவில்லை, அன்னையையும் நோக்கவில்லை. எதிரேயுள்ள வெளியில் நிலைத்துள்ளன. படித்தல் நின்று உட்காட்சி தொடங்கும் கணம் இது என்பர். அன்னையும் புனிதர்களும் அவர் அகத்தே தோன்றும் காட்சி; ஆகையால் புறக்கண்ணால் நோக்கவேண்டியதில்லை என்பது அவ்விளக்கம்.

இதில் உண்மையுண்டு, ஆனால் முழுமையில்லை. அகக்காட்சி மட்டுமே எனின், அதில் தோன்றுவோர்க்குப் புறவுலகின் எடை இருத்தல் வேண்டா. இவ்வோவியமோ அவ்வெடையை வலிந்து காட்டுகிறது. புனித ஜார்ஜின் கைநிழல் கெனனின் வெண்ணாடையின்மேல் விழுகிறது. அவருடைய பாதம் அவ்வாடையின் விளிம்பை மிதித்துள்ளது. புனிதரின் கவசத்தில் அன்னையின் செவ்வுரு சிதறிப் பிரதிபலிக்கிறது. அவர் முதுகிலுள்ள கேடயத்தில், காட்சிக்கு முன்னே நிற்கும் ஒரு மனிதவுரு சிறிதாகத் தெரிகிறது. டேவிட் கார்ட்டர் 1954இல் இதனை ஆராய்ந்தார். அவ்வுரு ஓவியரே என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து.

நிழல், மிதி, பிரதிபலிப்பு என்னும் மூன்றும் ஒன்றையே கூறுகின்றன: கெனனும் புனிதரும் ஒரே ஒளியில், ஒரே தளத்தில் உள்ளனர், அவர்களுக்கு எதிரே நிற்பவரும் அவ்வொளியின் எல்லைக்குள்ளேயே உள்ளார். பிரதிபலிப்பில் ஓவியர் நிற்கும் இடம், பின்னாளில் ஓவியத்தின்முன் நிற்கும் எவருக்கும் உரிய இடம். சட்டத்தின் ‘இங்கு’ எழுத்தால் சுட்டிய இடத்தைக் கேடயம் ஒளியால் சுட்டுகிறது.

கெனன் எதிர்வெளியை நோக்குதலும் இதனால் புதுப்பொருள் பெறுகிறது. அவர் அன்னையைக் காணாமல் இருக்கலாம். அன்னையும் குழந்தையும் அவர்பக்கம் திரும்பியுள்ளனர். காண்பது அவர் கடமையன்று, காணப்படுவதே அவர் தேவை. அறிமுகம் செய்விப்பவர் ஒருவர், ஏற்பவர் ஒருவர், அறிமுகமாகுபவர் வாய்திறக்காமல் காத்திருக்கிறார். அவருக்காகப் பேசவேண்டியவர்கள் புனிதரும், பாடகர்குழுவினரும், வாசகத்தைப் படிக்கும் எவரும் ஆவர். ‘செய்வித்தார்’ என்னும் ஏவல்வினையின் இலக்கணம் இங்கு வாழ்வின் நிலையாகிறது. தம்மால் செய்ய இயலாததைப் பிறரால் செய்விக்கும் ஒருவரின் உருவம் இது.

இடம் இழந்த சுட்டு

புனித டொனேசியன் ஆலயம் இன்று இல்லை. 1794இல் பிரெஞ்சுப் படையினர் புரூஜ் நகரின் கலைப்பொருள்களைப் பாரிசுக்குக் கொண்டுசென்றபோது இவ்வோவியமும் சென்றது. நெப்போலியனின் வீழ்ச்சிக்குப்பின் மீண்டபோது திரும்பிச்செல்ல ஆலயம் இருக்கவில்லை. அது 1799இல் இடிக்கப்பட்டிருந்தது. கெனனின் கல்லறையும் அதனோடு மறைந்தது. ஓவியரின் கல்லறையும் அவ்வாறே. 1441இல் அவ்வாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்ட வான் ஐக்கின் உடல், அவருடைய உடன்பிறந்தார் இலாம்பெர்த்தின் வேண்டுகோளால் அடுத்த ஆண்டு ஆலயத்தினுள் மாற்றப்பட்டிருந்தது. ஏவியவரும் இயற்றியவரும் ஒரே ஆலயத்தில் துயின்று, ஒரே இடிபாட்டில் காணாமற் போயினர்.

வாசகம் கூறிய கொடைகளும் இன்று இல்லை. அருங்காட்சியகச் சுவரில் ‘இவ்வாலயம்’, ‘இங்கு’ என்னும் சொற்கள் இன்றும் உள்ளன; அவை சுட்டுவதற்கு ஒன்றுமில்லை. வாசகத்தை இன்று படிப்பவர் ஆலயத்தில் நிற்கவில்லை, செபிப்பதற்கும் வரவில்லை. ஓவியத்திற்குள் தீட்டப்பட்ட ஆலயமே இனி அச்சுட்டின் பொருள் எனக் கூறி ஆறுதல் அடைவது எளிது. ஆனால் அது வாசகத்திற்கு நேர்மையாகாது. எழுத்தர் சுட்டியது தீட்டிய தூண்களை அன்று. சட்டப்படி நிறுவிய ஒரு கொடையையும், அதனை நிறைவேற்றக் கடப்பாடுடைய மனிதரையுமே. கண்டிப்பாகக் கூறின், அச்சுட்டு பொருளிழந்துவிட்டது.

பொருளிழந்த நிலையிலும் அது ஒரு பணியைச் செய்கிறது. சுட்டு தன் இடத்தை இழந்தமையாலேயே, இடம் ஒன்று இருந்தது என்பது உறுதிப்படுகிறது. ‘புனித டொனேசியன் ஆலயத்தில்’ என்று பெயர்கூறி எழுதியிருந்தால், அருங்காட்சியகத்திலும் அவ்வாக்கியம் வரலாற்றுச் செய்தியாக இடரின்றி அமைந்திருக்கும். ‘இங்கு’ என்று எழுதியமையால் ஒவ்வொரு முறை படிக்கும்போதும் அது பொருந்தாமல் நிற்கிறது. அப்பொருந்தாமையே, இவ்வோவியத்தைக் கலைநயத்திற்கு மட்டும் உரியதாக்க விடாமல் தடுக்கும் சான்றாக எஞ்சியுள்ளது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிபுகள் பின்வருமாறு:

1. சட்ட வாசகம் ஓவியத்தையும் கொடையையும் ஒரே எழுவாயின் இரு வினைகளாகத் தொடுக்கிறது. எனவே ஓவியத்தின் பயனைக் கொடையிலிருந்து பிரித்து விளக்குதல் பொருந்தாது.

2. இருமுறை வரும் அண்மைச்சுட்டு, ஓவியம் ஓர் ஆலயத்தின் குறிப்பிட்ட இடத்திற்கென ஆக்கப்பட்டது என்பதற்கு அகச்சான்றாகும். நினைவுப்பலகை மரபோடு இதனை இணைக்கும் கருத்திற்கு இது துணைநிற்கிறது.

3. முகத்தின் இரக்கமற்ற நுண்மை, ஓவியரின் திறன்காட்டலாக மட்டுமன்றி, வேண்டுதலுக்குரிய ஆளடையாளமாகவும் அமைகிறது.

4. நிழலும் பிரதிபலிப்பும் காட்சிக்கு எதிரே நிற்பவரை உள்ளடக்குவதால், வாசகத்தின் சுட்டை உருவமும் தன் வழியில் நிறைவேற்றுகிறது. ஆகவே இக்காட்சி தனியொருவரின் உள்ளத்தில் அடங்கும் பக்தியன்று. பிறருடைய செபத்தை நாடிநிற்கும் பக்தி.

உரோமையில் பிறருக்காக எழுதிய ஒருவர், தமக்காக எழுதுவித்த இறுதி வாசகம் இச்சட்டத்தில் உள்ளது. அதில் அவர் தம் நற்பண்புகளைக் கூறவில்லை. பெயர், பணி, கொடை, ஆண்டு ஆகியவற்றையே கூறியுள்ளார். வேண்டும் என்ற சொல்லும் அதில் இல்லை. வேண்டுதல் முழுவதையும் மண்டியிட்ட உருவமே சுமக்கிறது. இம்மரபின் பிற அன்னை ஓவியங்களிலும் சட்ட வாசகங்களைக் காட்சியோடு சேர்த்து மொழியியல் நோக்கில் ஆராய்தல், அவற்றின் பயனையும் இடத்தையும் மீட்டறிய வழிவகுக்கும்.